கயிற்றின் மறுமுனை

பர்னபாஸ் ஆபரேஷனுக்கு வருவது இது இரண்டாவது தடவை. இரண்டு மாதத்துக்கு முன்பு பித்தப்பைக் கல்லை எடுக்க வந்தவர், தியேட்டர் வாசல்வரை போய்விட்டு, பச்சை கவுனோடு ஆட்டோ ஏறி திரேஸ்புரத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு மூன்று முறை வலியில் தரையில் உருண்டார். கடைசி முறை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கும் ஓடுனீயன்னா நேரா அந்தோணியார் கோயில் வாசல்ல போயி உக்காந்துக்கிடுங்க. வீட்டுப் பக்கம் வராதீய" என்றாள் மனைவி விஜிலா. அவள் தம்பி ஜெரால்டு ஸ்ட்ரெச்சரின் மறுபக்கம் நின்று, சிரிக்கலாமா கூடாதா என்று மச்சானின் முகத்தைப் பார்த்தான்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இந்துமதி அப்போதுதான் வந்தார். "ராத்திரிக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"எச்சிகூட முழுங்கல தாயி."

ஆடும் பல் உண்டா, ஆஸ்துமா உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது, ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்திருந்த பர்னபாஸின் விரல்கள் வெளுத்திருப்பதை இந்துமதி கவனித்தார். எழுதிக்கொண்டிருந்த தாளை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் பயப்படுதீங்க? கத்திக்கா?"

"கத்திக்கு எவன் பயந்தான்? ஊசியப் போட்டுட்டு நீங்க போயிருவீங்களாம்லா. அதுக்கப்புறம் என்னைய யாரு பாப்பாவ?"

"நான் எங்கயும் போவ மாட்டேன். சர்ஜன் உங்க வயித்தப் பாப்பாரு. நான் தலைமாட்டுல இருந்து மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க முழிக்கிற வரைக்கும் எனக்கு அது ஒண்ணுதான் வேலை."

பர்னபாஸ் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். ஜெரால்டுதான் பேசினான்.

"முப்பது வருசமா கடல்ல முங்கி சங்கு குளிக்காரு டாக்டரம்மா. இடுப்புக் கயித்த வள்ளத்துல நாந்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எங்க ஆளுவ கயித்த மச்சினன் கையிலதான் குடுப்பாவ. கூடப்பொறந்தவ தாலி அறுக்க எவனும் விடமாட்டாம்லா? இவரு சித்தப்பா ஒரு நாளு வேற ஆளுட்ட குடுத்துட்டு எறங்குனாரு. அவன் பீடி பத்தவைக்கத் திரும்பிட்டான். ஏறி வரல அவரு."

பிறகு டாக்டர் பக்கம் ஒரு அடி வந்து, "என்னையும் உள்ள விடுங்க. ஒரு ஓரமா நிக்கேன்" என்றான்.

"அது முடியாதுண்ணே, கிருமி வந்துரும்" என்றாள் நர்ஸ் சந்தனச்செல்வி.

பர்னபாஸ் எழுந்து உட்கார்ந்து, செருப்பைத் தேடிக் காலைக் கீழே தொங்கவிட்டார். விஜிலாவின் கையிலிருந்த ஜெபமாலை நின்றுவிட்டது.

"கயித்துல எப்படிப் பேசிக்கிடுவீங்க?" என்று கேட்டார் இந்துமதி.

"கீழேருந்து ஒரு இழுப்புன்னா சுகமா இருக்கேன்னு அர்த்தம். மேலேருந்து நான் மூணு இழுத்தா, போதும், ஏறி வாங்கன்னு அர்த்தம்."

இந்துமதி பிரிக்காத பேண்டேஜ் சுருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். "நீங்களே கட்டுங்க" என்று ஜெரால்டிடம் நீட்டினார்.

அவன் மச்சானின் இடது மணிக்கட்டில் தன் வழக்கமான முடிச்சைப் போட்டான். மறுமுனையை உடனே கொடுத்துவிடவில்லை.

"டாக்டரம்மாவுக்குக் கூடப்பொறந்த அக்கா உண்டுமா?"

"ரெண்டு பேரு."

"அப்பம் சரி" என்று கொடுத்தான். விஜிலா அழுதுகொண்டே சிரித்தாள். பர்னபாஸ் காலைத் தூக்கி மேலே வைத்துப் படுத்துக்கொண்டார்.

தியேட்டரில் இந்துமதி முகமூடியை வைத்து, "நல்லா மூச்ச இழுங்க" என்றதும் பர்னபாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். நெஞ்சுக்கூடு புடைத்து எழுந்தது. அப்படியே நின்றுவிட்டது. அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடமும் ஆயிற்று. கை கழுவிக்கொண்டிருந்த சர்ஜன் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மூச்சு விடுங்க!" என்று பதறினாள் சந்தனச்செல்வி.

இந்துமதிக்குப் புரிந்துவிட்டது. இறங்குவதற்கு முன் மூச்சை நிரப்பி அடைத்துக்கொள்வதுதான் அந்த உடம்புக்குத் தெரிந்த வழக்கம். குனிந்து காதோரம் சொன்னார்: "இது கடல் இல்ல அண்ணாச்சி. இங்க எறங்குனாலும் மூச்சு விட்டுக்கிடலாம்."

பர்னபாஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "மொதல்லயே சொல்லக் கூடாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்திலேயே அவர் தூங்கிப்போனார்.

தொண்டையில் குழாய் வைக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் இந்துமதி பேண்டேஜ் முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். பிறகு ஒன்றரை மணி நேரம். மருந்தின் அளவு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் என்று கண் திரையிலேயே இருந்தது. அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப்போவதில்லை. மயங்கிக் கிடப்பவருக்குத் தெரியவும் தெரியாது. யாருக்கும் தெரியாத இடத்தில் காப்பாற்றும் வாக்கு கடவுளுக்கு மட்டும் தெரிகிறது. இந்துமதி அவிழ்க்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. பர்னபாஸ் தானாக மூச்சுவிட ஆரம்பித்து, கண்ணிமை அசைந்த பிறகே குழாயை எடுத்தார்கள். இரண்டு மூச்சு ஒழுங்காக வந்தது. மூன்றாவது மூச்சில் நெஞ்சு புடைத்து, நின்றது.

தொண்ணூற்றொன்பதில் இருந்த ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றாறாயிற்று. தொண்ணூற்றிரண்டு. இந்துமதி முகமூடியை அழுத்திப் பிடித்தார்; சந்தனச்செல்வி தாடையைத் தூக்கிக் கொடுத்தாள். "அண்ணாச்சி! முடிஞ்சிட்டு, மூச்சு விடுங்க!" நெஞ்சு இறங்கவில்லை. எண்பத்தொன்பது.

இந்துமதி பேண்டேஜ் சுற்றிய தன் மணிக்கட்டைச் சுண்டி இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

நீண்ட விசில் போல ஒரு மூச்சு வெளியே வந்தது. தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கிய மனிதனின் மூச்சு. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. திரையில் எண்கள் ஏறின. ஆக்ஸிஜனா, தாடையைத் தூக்கியதா, மூன்று இழுப்பா, எது அவரை எழுப்பியது என்று இந்துமதி ஆராயவில்லை. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மருந்துத் தட்டைப் பார்த்தார். அவசரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த ஊசி பிரிக்காமலே கிடந்தது.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தபோது, ஜெரால்டு விட்டுப்போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனுக்காக வாங்கி வைத்த டீ நாற்காலியில் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. இந்துமதி தன் மணிக்கட்டிலிருந்து பேண்டேஜைச் சுற்றுச்சுற்றாக அவிழ்த்தார். தோலில் சிவந்த தடம் இருந்தது. ஜெரால்டு அதைப் பார்த்தான். இரண்டு கையாலும் முனையை வாங்கிக்கொண்டான்.

"என்னங்க, கேக்குதா?" என்று கூப்பிட்டாள் விஜிலா. பர்னபாஸுக்குக் கண் திறக்க முடியவில்லை, நாக்கும் புரளவில்லை. போர்வைக்குள் இடது கை மட்டும் மெல்ல அசைந்தது.

ஜெரால்டின் கையில் துணி ஒரு முறை இழுபட்டது.

"அக்கா" என்றான் அவன். "சுகமா இருக்காராம்."