ஜிப்புக்குப் பதில் ஐலெட்

அந்தக் கல்யாணக் கவுனை மூத்தவள் தனக்காகத்தான் தைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கும் தையல்காரி, தனக்கென்று ஆசை ஆசையாக எடுத்த வெள்ளைப் பட்டு. இரண்டு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை வந்து, "உன்கிட்ட பேசவே பயமா இருக்கு. உன் கோவம் எனக்கு ஒத்து வராது," என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் தூரமாகப் போகவில்லை. அடுத்த வாரமே அதே வீட்டில் சின்னவளைப் பெண் கேட்டான்.

"எல்லாம் உன் வாயால வந்த வினை," என்றாள் அம்மா. மூத்தவளும் நம்பினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசப் பழகினாள். துணி வாங்க வந்தவர்கள்தான் பயந்துபோனார்கள்.

கவுனைத் தங்கைக்குக் கொடுக்கச் சொன்னதும் அம்மாதான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே, கொடுத்தாள்.

"அவ கொஞ்சம் சதை போட்டிருக்கா. ஜிப்ப எடுத்துட்டு ஐலெட் வச்சிரு. நாடாவும் நீளமா விடு."

ஊக்கைத் தவிர வேறொன்றும் அறியாத அம்மாவுக்கு, நாடா கோக்கும் வளையத் துளையான ஐலெட் எப்படித் தெரிந்தது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஜிப்புக்கு ஒரே அளவு. உடம்பு கொஞ்சம் பெருத்தாலும் பல்லை இளித்துவிடும். ஐலெட் அப்படியில்லை; அன்றைக்கு உடம்பு எப்படியோ, அதற்கேற்ப நாடாவை இழுத்தோ தளர்த்தோ கட்டலாம். முதுகின் இரு பக்கமும் துளை போட்டு, வளையம் வைத்து, துணி பிய்ந்து வராதபடி பின்னால் வாஷரும் கொடுத்து அடித்தாள். வாஷரை விட்டுவிட்டால் கல்யாணத்தன்றே கிழியும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

நாடா வைத்த கவுனைத் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. பின்னால் ஒருத்தர் நிற்க வேண்டும். கல்யாணத்தன்று அக்காதான் நின்றாள். மேல் துளைகள் சேர்ந்துவிட்டன. கீழே வர வர இடைவெளி அகன்றது. இழுத்தாள்.

"இறுக்காத அக்கா." சின்னவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

எத்தனையோ பெண்களுக்கு அளவெடுத்த கை சட்டென்று நின்றது.

"எத்தன மாசம்?"

சின்னவள் கதவுப் பக்கம் திரும்பினாள். கதவோரம் நின்ற அம்மாதான், "நாலு. இப்ப எதுக்கு அது? வண்டி வந்திருச்சு," என்றாள்.

நாலு. அவன் தன் கோபத்துக்குப் பயந்து ஓடியதாகச் சொன்னது இரண்டு மாதத்துக்கு முன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இவர்கள் அவள் தைத்த துணியிலேயே மறைத்திருக்கிறார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இத்தனை நாளும் தன் வாயைத் தானே சபித்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் இருப்பது என்ன பாவம் செய்தது? கீழ் நாடாவைத் தாராளமாகத் தளர்த்தினாள். பிறகு, இழுத்தால் அவிழும் சுருக்குப் போட வேண்டிய இடத்தில் கடுமுடிச்சாகப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று. மிச்ச நாடாவை ஒட்ட நறுக்கினாள்.

"அக்கா, இத எப்படி அவுக்கிறது?"

கத்தரிக்கோலைத் தங்கையின் கையில் வைத்தாள்.

"அவர வெட்டச் சொல்லு. வெட்டும்போது, இது யாருக்குத் தச்சதுன்னும் சொல்லிடு."