அத்தானின் மேஜை முன்னால் குவியும் நாற்காலிகள்

1

இது என் அக்காவுக்கு நடந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிடாத" என்றாள். அங்கேயே கை தடுமாறிவிட்டது.

முதல் தொடக்கம்: சக்கர நாற்காலித் தொழிற்சாலையின் கூரைமேல் காலை வெயில்... (வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலை இல்லை.)

இரண்டாவது: அக்கா அந்தத் தொழிற்சாலையைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பவள். எந்த இயந்திரத்தை எங்கே வைத்தால் வேலை எங்கே தேங்கும் என்று, நிஜத்தில் ஒரு திருகாணியையும் தொடாமல் சொல்லிவிடுவாள். சிமுலேஷன் என்பார்கள். (இதுவே இருக்கட்டும்.)

2

நாற்காலிகள் சொன்ன நேரத்துக்குத் தயாராகி வெளியே போகவில்லை. புது வெல்டிங் இயந்திரம் வாங்கினால் சரியாகிவிடும் என்று மேலாளர் துடித்தார். அக்கா அதைத் திரையில் சேர்த்து ஓட்டினாள். ஒரு நாற்காலிகூடக் கூடுதலாக வெளியே போகவில்லை. எல்லாம் செக்கிங் மேஜை முன்னால் குவிந்தன.

அந்த மேஜையில் இருப்பவர் என் அத்தான், அவள் கணவர். ஒவ்வொரு வெல்டிங்கையும் விரலால் தடவிப் பார்ப்பவர். சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

எண்களை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே மேஜை. (இந்த இடத்தில் அவளை அழவிட்டிருந்தேன். "எப்ப அழுதேன்? கழுத்து வலிச்சுது, அவ்வளவுதான்" என்று அந்த வரியை அடித்துவிட்டாள்.)

3

தொழிற்சாலைக் கூட்டத்தில், வேலை தேங்குவது செக்கிங் மேஜையில்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அத்தானும் இருந்தார். இயந்திரம் வேண்டாம், செக்கிங்குக்கு இன்னொரு ஆள் போடலாம் என்று முடிவானது. அவள் கேட்டதும் அதுதான். ஆனால் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் அத்தான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"இன்னும் வேகமா பாத்திருப்பேன்."

"அதுக்குப் பயந்துதான் சொல்லல."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு, [சமாதானமாகி அவள் தோளில் கை... இல்லை, நடக்கவில்லை] குளிக்கப் போனார். அடுத்த நாளே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார்.

4

அவர் மனம் மாறுவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. வீட்டைவிட்டே போய்விடுவதாக எழுதினேன். அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

செக்கிங் மேஜையில் அத்தான் இல்லாமலும் திரையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம் மேலாளர்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன வந்துச்சு?"

"நாற்காலியெல்லாம் சீக்கிரமா வெளிய போகுது." நகத்தைக் கடித்தாள். "எதைத் திருப்பி அனுப்பணும்னு நான் அதுல போடவே இல்லடா. எப்படிப் போடறதுன்னு தெரியல."

திங்கட்கிழமை கூட்டத்தில் அவள் இதைச் சொல்லியாகவேண்டும். பக்கத்து அறையில் அத்தான் மகளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா கதவருகே போய் நிற்கிறாள். அவரிடம் முதலில் சொல்லவா என்று என்னைப் பார்க்கிறாள்.

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவர் எழுந்துவிட்டார்.