ஒன்பது மாதத்துக்குப் படிந்த வைத்தியம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. பாடாலூர் டீக்கடையில் ஒன்பது மாதம் இதை நானே சொல்லிச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே என் பேச்சைக் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள். செட்டிகுளத்து வெங்காயத்தை வாங்கி விற்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். நல்ல காயாகப் பொறுக்கி மூட்டை வாயில் வைக்கத் தெரியும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

1976 பங்குனியில், நாடு ஒழுங்காக நடக்கிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில், மாட்டுத் தரகர் வீரமுத்து திடீரென்று இருமத்

நிறுத்திவிட்டேன். திடீரென்று இல்லை. இரண்டு மாதமாகவே இருமிக்கொண்டிருந்தார்.

2

வீரமுத்து அண்ணன் உடம்பைப் பேணுகிறவர். விடிந்ததும் வேப்பங்குச்சி, ஊறவைத்த வெந்தயம், ஒரு சொம்புத் தண்ணீர். பிறகு டீக்கடையில் யாராவது பேப்பர் படிக்கக் கேட்பார். விலைவாசி இறங்கியது என்று வந்தால் "பாதி" என்பார். ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடுகிறது என்றாலும் "பாதி"தான். முப்பது வருடம் மாட்டுச் சந்தையில் நின்றவர். முதலில் சொல்லும் எண் எதுவும் நிஜமில்லை, இறங்கி வருவதற்காகவே ஏற்றிச் சொல்வது என்பது அவர் கணக்கு.

(இவ்வளவு சந்தேகப்படும் ஆளை யார் நம்புவார்கள்? ஆனால் அப்படி ஒருவர் இருந்தார். இருக்கிறார். இந்த இரண்டில் எந்தச் சொல்லை வைப்பது என்பதில்தான் கதையே மாட்டிக்கொண்டு நிற்கிறது.)

3

ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போனவன் நான்தான். படம் எடுத்து, சளி பார்த்து, காசநோய் என்றார் டாக்டர்.

"பதினெட்டு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது."

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். "சார், நாங்க தூரத்து ஆளுங்க. பாத்துச் சொல்லுங்க. ஒம்பதுக்கு முடிச்சிக்குவோம்."

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினார். "படிஞ்சிடுச்சு தம்பி."

சந்தையில் ஒரு விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, முடியாது என்று சொல்லாதவன் சம்மதித்தவன்.

4

இங்கே எனக்கு ஒரு சபலம். சர்க்கார் மாத்திரை என்றாலே குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று அந்த எமர்ஜென்சி வருடம் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பயத்தில்தான் அண்ணன் பாதியில் மாத்திரையை நிறுத்தினார் என்று எழுதிவிட்டால் பழி டில்லிவரை போய்விடும். என் பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது.*

* மிஞ்சும். டாக்டர் அதை வேடிக்கை என்று நினைத்துத்தான் சிரித்தார். அது எனக்கு அந்த அறையிலேயே தெரியும். அண்ணனிடம் சொல்லியிருந்தால் டீக்கடையில் சொல்ல ஒரு நல்ல கதை கெட்டுப்போயிருக்கும்.

5

அடுத்த மாசி மாதம். ஊர் முழுக்கத் தேர்தல் பேச்சு. அண்ணன் மனைவி உண்ணாமலை என் வெங்காயக் கடைக்கு வந்தார்.

"தம்பி, மார்கழியோட மாத்திரைய நிறுத்திட்டாரு."

"நல்லாத்தானே இருக்காரு அண்ணி?"

"இருந்தாரு. இப்பத் துப்புனா ரத்தம். வெத்தலைங்கறாரு. வெத்தல போட்டே பத்து நாளாச்சு."

அண்ணியே தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். "மறுபடி மொதல்லேருந்து பதினெட்டு மாசமாம். இந்தத் தடவ விட்டா ஆளு தங்காதுன்னுட்டாரு."

"நான் போயி பதினெட்டுன்னு சொல்லிப் பாக்கறேன்."

அழுகின வெங்காயத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "நீங்க யாவாரி வூட்டுப் புள்ளதானா? முப்பத்தாறுன்னு சொல்லுங்க."

6

முடிவு ஒன்று: முப்பத்தாறு என்றேன். பதினெட்டுக்கு இறங்கினார், பிழைத்தார். இந்தச் சரக்கை வேறொருவன் விற்றால் நான் வாங்கமாட்டேன்.

முடிவு இரண்டு: இரட்டித்துச் சொல்கிறேன் என்று மோப்பம் பிடித்து, கால் பங்காக்கினார். மறுபடி ஒன்பது. இதற்கு மேல் எழுதக் கை

நடந்தது இவ்வளவுதான். நான் போனபோது அண்ணன் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டார். தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது.

"சொல்லு தம்பி. என்ன வெல கொண்டாந்திருக்க?"

கையை உள்ளே விட்டேன். அவர் உள்ளங்கை கொதித்தது. முப்பத்தாறு எனக்கு மறந்துபோயிற்று.

"அண்ணே, அன்னிக்கு டாக்டர் ஒத்துக்கிட்டுச் சிரிக்கல. வேடிக்கைன்னு சிரிச்சாரு. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் இருமினார்.

"இதுலயும் பாதி கழிக்கணுமா?"

"வேணாம்ணே."

அவருடைய விரல்கள் என் விரல்களைத் தேடி, ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தின.

"எத்தன மாசம் தம்பி?" என்றார் வாசலில் நின்ற அண்ணி.

துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வது சந்தையில் வழக்கமில்லை. அண்ணியிடம் மட்டும் சொன்னேன். நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து குறைத்துப் போடாதீர்கள்.