உறை பிரிக்காத நாற்காலி

"இன்னொரு தடவை சொல்லு. அட்டையைப் பாத்துப் படிக்கிற மாதிரி சொல்லு," என்றாள் அத்தை. அட்டை கிடைக்காததால் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

வாண்டு தட்டின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தபடி கடகடவென்று ஒப்பித்தாள். காற்றில் பறந்த குடையைத் துரத்தி ஓடும் தபால்காரரின் கதை அது.

"இவ்வளவு வேகம் ஆகாதுடி. நடுவுல ஒரு எடத்துல திக்கு. அப்பத்தான் நிஜமா படிக்கிற மாதிரி இருக்கும்."

எங்கே திக்குவது என்பதற்கும் ஒத்திகை நடந்தது. அம்மா வாண்டின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தனியார் பள்ளியில் சேர வேண்டுமானால் பிள்ளை ஓர் அட்டையைப் படித்துக் காட்ட வேண்டும். புது அட்டை தயாரிக்க யாருக்கும் நேரமில்லாததால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே தபால்காரர்தான், அதே குடைதான். அடுத்த வீட்டுப் பையன் அங்கே படிக்கிறான். கதை அத்தையின் கைக்கு வந்தது அப்படித்தான்.

வாண்டுக்குப் புத்தி குறைவில்லை. டிஸ்லெக்சியா என்று மருத்துவர் சொல்லியிருந்தார். படிப்பது என்பது, கண் பார்க்கும் வளைவையும் கோட்டையும் காது அறிந்த ஒலியோடு முடிச்சுப் போடும் வேலை. பெரும்பாலோருக்கு அந்த முடிச்சு சீக்கிரம் இறுகிவிடும். பிறகு அதை நினைக்கவே வேண்டியதில்லை. வாண்டுக்கு அது நழுவிக்கொண்டே இருந்தது. நேற்றுப் படித்த சொல் இன்று முன்பின் தெரியாத ஆளைப் போல வந்து நிற்கும். இதற்கென்றே பயிற்சி உண்டு. எழுத்தை மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி, உதடு குவிவதைக் கண்ணாடியில் பார்த்து, விரலும் வாயும் கண்ணும் சேர்ந்து முடிச்சை இறுக்க வேண்டும். பழைய பள்ளியில் இதெல்லாம் கிடையாது. கடைசி பெஞ்சும் 'மக்கு' என்ற பெயரும்தான் கிடைத்தன.

புதுப் பள்ளியில் அதற்கென்றே தனி அறை இருந்தது. அதற்காகத்தான் இந்தப் பள்ளி.

"அந்த ரூம் வேணும்னுதானே போறோம்? அப்புறம் நல்லா படிப்பான்னு ஏன் காட்டணும்?" என்று கேட்டார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"மொதல்ல உள்ள போவோம்டா தம்பி. பொம்பளப் புள்ள. இதை ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு எடுப்பா?" என்றாள் அத்தை.

சோதனை நாளன்று நால்வரும் பள்ளிக்குப் போனபோது, தலைமை ஆசிரியை முதலில் அந்தத் தனி அறையைக் காட்டினார். மணல் தட்டுகள், கண்ணாடி, வண்ண எழுத்துகள், வரிசையாகக் குட்டி நாற்காலிகள். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அவற்றில் அப்படியே இருந்தது. மூலையில் இந்தப் பயிற்சி தரும் ஆசிரியை தனியாக உட்கார்ந்து மணலைச் சலித்துக்கொண்டிருந்தார். கட்டி தட்டாமல் இருக்க அன்றாடம் சலிக்க வேண்டுமாம்.

பிள்ளைகள் எங்கே என்று அப்பா கேட்டார்.

தலைமை ஆசிரியை பெருமையோடு விளக்கினார். அட்டையைப் படித்துத் தேறியவர்களைத்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். தேறியவர்களுக்கு இந்த அறை தேவைப்படாது. ஆனாலும் நல்ல பள்ளி என்றால் இப்படி ஓர் அறை இருந்தாக வேண்டும்.

பிறகு அலுவலக அறையில் சோதனை. மேஜை இழுப்பறைக்குள் தலைமை ஆசிரியை அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாண்டு தொடங்கிவிட்டாள். தபால்காரர் ஓடினார், குடை பறந்தது, சொல்லிக்கொடுத்த இடத்தில் அழகாகத் திக்கினாள். அட்டை வெளியே வந்தபோது கதை முடிந்திருந்தது.

"நல்ல வேகம்," என்றார் தலைமை ஆசிரியை. "எடம் குடுத்தாச்சு."

அத்தை அம்மாவின் காலை மிதித்தாள். அம்மா காலை இழுத்துக்கொண்டு பேசினாள்.

"மேடம், அவளுக்குப் படிக்க வராது. இப்ப சொன்னது மனப்பாடம். அந்த ரூம்ல அவளைச் சேக்கணும்."

"தேறின பிள்ளையை எப்படிம்மா அங்க போடறது?"

"அப்ப தேறலைன்னு வச்சுக்கோங்க."

"தேறலைன்னா ஸ்கூல்லயே எடம் கெடையாதே."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், மாடி ஏற முடியாதவங்களுக்குத்தான் லிஃப்ட். ஏறிக் காட்டினாத்தான் லிஃப்ட்ல விடுவோம்னா எப்படி?"

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றார் தலைமை ஆசிரியை, புரியவைத்துவிட்ட நிம்மதியோடு. "ஏறிட்டவங்களுக்கு லிஃப்ட் எதுக்கு?"

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவளுக்கு டிஸ்லெக்சியா இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது, அந்த அறைப் பக்கம் போகவும் கூடாது. அத்தை கைகூப்பப் போனாள். அப்போதுதான் வாண்டு அங்கே இல்லை என்று தெரிந்தது.

அவள் அந்த அறையில் இருந்தாள். ஒரு நாற்காலியின் உறை தரையில் கிழிந்து கிடந்தது. சலித்த மணலில் விரலை அழுத்தி ஒரு வளைவை இழுத்து, கண்ணாடியில் வாயைப் பார்த்து "ம்" என்றாள். அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். எதிரே பயிற்சி ஆசிரியை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரு. அது உனக்கு இல்ல," என்றார் தலைமை ஆசிரியை.

வாண்டு எழவில்லை. "எனக்குத்தான் மிஸ். எனக்குப் படிக்க வராது."

அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா உள்ளே போய் மகளுக்குப் பின்னால் நின்றாள்.

தலைமை ஆசிரியை பயிற்சி ஆசிரியையைப் பார்த்தார். "இதென்ன? உறையைத் திருப்பிப் போடுங்க."

பயிற்சி ஆசிரியை நிமிரவில்லை. "கிழிஞ்சிருச்சு மேடம். இனிமே போட முடியாது," என்றவர், தட்டை வாண்டின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.