இரட்டை ஊசிக்கு ஓர் ஆள்

ஈப்போவில் சின்னையாவின் பனியன் கடை மாடியில் அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு பேர் இருந்தார்கள். தெருப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து மூன்று பெண்கள்: சுவரில் முதுகைச் சாய்த்துக் கருப்பம்மாள், நடுவில் ஒரு காலை நீட்டி நல்லம்மாள், படிக்கட்டை ஒட்டி வீரம்மா. மூவர் மடியிலும் கழுத்து முடியாத பனியன்கள். அவர்களுக்கு எதிரே புது மெசினுக்கு முன்னால் ஸ்டூலில் ராஜு. மூலை மேசையில் மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்கெழுதும் கிராணி இளையதம்பி. முதலாளி சின்னையாவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அவர் உட்காரவில்லை. மேசைக்கும் மெசினுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

மெசின் பினாங்கு ஏஜெண்டு அனுப்பியது. ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்பது பேச்சு. நாளையோடு மாதம் முடிகிறது. மேலே இரண்டு ஊசி, அடியில் ஒரு கொக்கி. மேல்புறம் இரண்டு நேர்கோடாகத் தைத்து, அடிப்புறம் பாய் பின்னியது போல நூலை வலைபோடும். அதை ராஜு இரண்டாம் நாளே பழகிவிட்டான். அவனை அழவைத்தது ஊசிக்கு முன்னால் திருகி வைத்திருந்த பித்தளை வாய். அதன் அகன்ற பக்கத்தில் துணிப்பட்டையை விட்டால், அது இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, பனியன் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி ஊசிக்குக் கொடுக்க வேண்டும். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. புத்தகத்தை வாசித்துச் சொன்ன இளையதம்பி துணியைத் தொட்டதில்லை. துணியைத் தொட்ட ராஜுவுக்குப் புத்தகம் தெரியாது. பட்டை சில நேரம் கயிறாகத் திரிந்து வந்தது, சில நேரம் ஓர் ஓரத்தை வெளியே விட்டது. எல்லாம் சரியாக வந்தாலும் கழுத்து, பொரித்த அப்பளம் போல நெளிந்தது.

"எழுதுங்க கிராணியாரே. மெசின் வேணாம், திருப்பி அனுப்பறோம்னு எழுதுங்க."

"கொஞ்சம் பொறுங்கோ. ஏஜெண்டு மூண்டு கேள்வி கேட்டிருக்கிறான். மெசின் ஓடுதோ, ஒரு நாளைக்கு எத்தினை உருப்படி, பழகின ஆளின்ர பேர் என்ன. மூண்டுக்கும் பதில் எழுத வேணும்."

"மூணுக்கும் இல்லைன்னு எழுதுங்க."

நல்லம்மாள் குனிந்து சிரித்தாள். "ஒரு மாசம் அதோட குடும்பம் நடத்தியும் அது ஒனக்கு மொகம் குடுக்கல லா, தம்பி."

"நீ வந்து நடத்திப் பாரேன்," என்றான் ராஜு, திரும்பாமலே.

"சிரிங்க, சிரிங்க," என்றார் சின்னையா. "மெசின் போனா லம்பத்து ஆர்டரும் போச்சு. ஈயச் சுரங்கம் வெச்சிருக்கிற லம்பத்துச் சீனன் அறுநூறு பனியன் கேக்கிறான். நீங்க கையால கட்டி முடிக்கிறதுக்குள்ள அவன் லம்பத்தையே மூடிடுவான். ஆர்டர் போச்சுன்னா இந்த மாடியில எனக்கு யாரும் வேணாம். பூட்டிட்டுக் கீழயே இருந்துக்குவேன்."

மூன்று ஊசிகளும் நின்றன. கருப்பம்மாளின் ஊசிதான் முதலில் மறுபடி நகர்ந்தது.

வீரம்மா மடியிலிருந்த பனியனை மடித்தாள், பிரித்தாள். மறுபடி மடித்தாள். போன வருஷம் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்ற அந்தக் காலை நேரம் அவளுக்கு மறக்கவில்லை. தோட்டத்துக் கிராணி பேர் வாசித்தார். வாசித்த பேர்க்காரர்கள் ரப்பர் காட்டுக்குப் போனார்கள். அவள் பேர் நடுவில் தவறியிருக்கும், கடைசியில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தாள். கிராணி புத்தகத்தை மூடிவிட்டார். மீந்தவர்களை ஊருக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அவளும் புருஷன் பத்துமலையும் நடந்தே ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஓர் அறையில் ஒண்டினார்கள். அவன் இப்போது பட்டணத்துக் குப்பை வண்டி இழுக்கிறான். தோட்டத்திலிருந்து அவள் எடுத்து வந்தது ஒரு பால் மங்கு. மரத்தடியில் ரப்பர் பால் பிடிக்கும் கனத்த வெள்ளைக் கோப்பை. அதில்தான் கடையில் தண்ணீர் குடிப்பாள்.

பத்து நாளாக மதியம் ராஜு தேத்தண்ணிக்கு இறங்கும் நேரத்தில் அவள் அந்தப் பித்தளை வாயைத் தடவிப் பார்த்து வந்தாள். கருப்பம்மாள் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள். "அதுல கைய வெக்காத. அது ஓடுச்சுன்னா மூணு பேரு வாயிலயும் மண்ணு," என்று மட்டும் சொன்னாள். வீரம்மாவும் கையை எடுத்தாள். ஆனால் கஞ்சிப் பசை தடவிய நாலு பட்டை நுனிகள் இன்று காலையிலிருந்து ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன. எதற்கென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இளையதம்பியின் பேனா காகிதத்தில் கீறத் தொடங்கியது. வீரம்மா எழுந்துவிட்டாள்.

"மொதலாளி, நான் ஒருவாட்டி பாக்கவா?"

சின்னையா நடையை நிறுத்தினார். "நீயா?"

"ஓடுச்சுன்னா?"

"யாரு ஓடவெக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் அந்த ஸ்டூலு. மெசின் வந்தன்னைக்கே சொன்னேனே."

"நாங்க மூணு பேரும் இருப்போமா?"

"மொதல்ல ஓடட்டும். பாக்கலாம்."

கருப்பம்மாள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

ராஜு எழுந்து இடம் விட்டான். வீரம்மா மங்கிலிருந்த தண்ணீரை ஜன்னல் வழியே ஊற்றி, முந்தானையால் உள்ளே துடைத்தாள். தரையில் சிக்கிக் கிடந்த பட்டையைச் சுருளாகச் சுற்றி அதற்குள் இறக்கினாள். வழவழப்பான கோப்பைக்குள் சுருள் தடையில்லாமல் சுழன்றது. கம்பியில் பசை காய்ந்து விறைத்திருந்த அதன் நுனியைக் கத்தரியால் சாய்வாக வெட்டினாள், ரப்பர் மரத்தில் கோடு போடுவது போல இடது மேலாக, வலது கீழாக. பித்தளை வாய்க்குள் விட்டதும் நுனி வழுக்கி வந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. தைக்கிற ஊசியால் அதைக் கொக்கிபோட்டு இழுத்து, துணியை அழுத்தும் மெசின் காலுக்கு அடியில் கொடுத்தாள். பனியனை வைக்காமல் விரல் நீளத்துக்குப் பட்டையை மட்டும் ஓட்டினாள். இரண்டு ஓரமும் உள்ளே மடிந்து வந்தன. அதற்குப் பிறகே பனியன் கழுத்தை மடிந்த பட்டையின் இடுக்கில் கடைசிவரை செருகி மிதித்தாள்.

தோள் தையல் தடிக்கும் இடத்தில் பட்டை வெளியே குதித்தது. "அவ்வளவுதான்," என்றார் சின்னையா. வீரம்மா வெட்டியெடுத்துவிட்டு அடுத்ததை வைத்தாள். இம்முறை தோள் தையலை விரலால் அழுத்தித் தட்டையாக்கி, மெதுவாக மிதித்து, தாண்டியதும் விட்டாள்.

சின்னையா அந்தப் பனியனைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கழுத்தை இரண்டு கையாலும் இழுத்து விட்டார். அது பழைய அளவுக்கே வந்து நின்றது.

"கிராணியாரே, எழுதினதக் கிழிங்க."

மதியத்துக்குள் முப்பத்தொன்று முடிந்தது. நல்லம்மாள் அந்தக் குவியலைப் பார்த்தபடி, "நான் நாள் பூரா ஒக்காந்தாலும் எட்டுலா," என்றாள். கருப்பம்மாள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். "ஒழுங்கா பினாங்குக்குப் போற சனியன உக்காரவெச்சிட்ட," என்றாள் சோற்றைப் பார்த்து.

"மெசின் போயிருந்தா எல்லாருமே வீட்டுக்குத்தான அக்கா. இப்ப இருக்கோம்ல?"

"பாக்கலாம்னுதான சொன்னாரு."

"பாப்பாரு."

சாப்பாட்டுக்குப் பிறகு சின்னையா மாடியேறி வந்தார். "வீரம்மா, ராஜுவுக்கும் கொஞ்சம் காட்டு. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா நல்லது. ஒனக்கு ஒரு நாள் காச்சல் கீச்சல் வந்தா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அவள் ராஜுவை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நின்று அவன் இடது கையைத் தட்டினாள்.

"இழுக்காத. இழுத்துத்தான் ஒரு மாசம் அப்பளம் பொரிச்ச."

"இழுக்கலன்னா போகுமா அக்கா?"

"அதுவா போகும், நீ கூடவே போ. பாலெடுக்க மரம் வெட்டுறப்ப கத்திய அமுக்குனா மரப்பட்டையில காயமாயிரும், பாலும் வராது. கூடவே போகணும்."

"நான் எங்க மரம் வெட்டுனேன்? நான் பட்டணத்துப் பையன்லா."

"அதான் தெரியுதே."

மூன்றாவது பனியனில் அவன் கை அடங்கியது. நாலு மணிக்கு அவளைத் திரும்பிப் பார்க்காமல் வரிசையாக ஐந்து முடித்தான். ஐந்தாவதில் அவளே கையைத் தட்டிச் சிரித்தாள். "சரி, எந்திரி. நான் முடிக்கிறேன்," என்றாள்.

"இருக்கட்டும்," என்றார் சின்னையா. "ராஜு, நீ அப்படியே ஒக்காந்துக்க."

இளையதம்பி புதுத் தாள் எடுத்தார். மெசின் ஓடுகிறது என்று இங்கிலீஷில் எழுதி, தமிழில் முதலாளிக்கு வாசித்துக் காட்டினார். நாளொன்றுக்கு அறுபது என்று எழுதி வாசித்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்து நிமிர்ந்தார். வீரம்மா ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்தில் அவளை ஆள்கள் பேர்ப் புத்தகமான செக்ரோலில் வீரம்மா, தகப்பன் பேர் முனியன் என்று எழுதியிருந்தார்கள். கேட்டால் சொல்ல அது நாக்கில் தயாராக இருந்தது.

"ராஜு, உம்மட தகப்பன்ர பேர் என்ன?"

மெசின் நின்றது. ராஜு முதலாளியைப் பார்த்தான், வீரம்மாவைப் பார்த்தான். "அக்காதான் எனக்கே..." என்றான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா," என்றார் சின்னையா.

"மாயாண்டி."

பேனா கீறியது. வீரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கிராணி ஐயா, என் பேரு?" என்று கேட்டாள்.

இளையதம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவையள் ஒரு பேர்தான் பிள்ளை கேட்டவை."

"ஆம்பள ஒருத்தன் பொறுப்புன்னாதான் அவன் நம்புவான்," என்றார் சின்னையா. "நாளைக்கு மூணு பேரும் வர வேணாம். வேலை இருந்தா ஆள் அனுப்பறேன். ஊசியெல்லாம் ராஜுகிட்ட குடுத்துட்டுப் போங்க."

கருப்பம்மாள் தன் ஊசியைப் பனியனிலிருந்து உருவி, தகர டப்பாவில் போட்டாள். நல்லம்மாள் இரண்டு ஊசிகள் போட்டாள். வீரம்மா, பட்டை நுனியை இழுத்த ஊசியையும் எண்ணிப் போட்டாள். குனிந்து தன் பால் மங்கை எடுக்கப் போனபோது சின்னையா, "அது இருக்கட்டும், பட்டை அதுலதான நல்லா ஓடுது," என்றார். மங்குக்குள் சுருள் பாதி இருந்தது. ராஜு தலை தூக்காமல் மிதித்தான். சுருள் சுழன்றது.

மழைக்கால ஈரத்தில் உறையின் கோந்து போய்விட்டிருந்தது. இளையதம்பி இரண்டு தரம் நாக்கால் தடவிப் பார்த்தார், ஒட்டவில்லை. ஜன்னல் ஓரத்துச் சிரட்டையில் மீந்திருந்த கஞ்சிப் பசையை அவர் கண் தேடியது. வீரம்மா சிரட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு அவளே ஒரு விரலால் உறையின் மடிப்பில் பசையைத் தடவி மூடினாள். இளையதம்பி தபால்தலையையும் அந்தப் பசையிலேயே ஒட்டினார்.

"நீ ரயில் டேசன் பக்கமா சுத்திப் போயேன். தபாலாபீசுல போட்டுட்டுப் போ," என்றார் சின்னையா. "அஞ்சு மணிக்கு மூட்டை கட்டிடுவான்."

மூவரும் இறங்கினார்கள். கருப்பம்மாளும் நல்லம்மாளும் புந்தோங் பக்கம் திரும்பிவிட்டார்கள். கருப்பம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. வீரம்மா தனியே வேகமாக நடந்தாள். பசை இன்னும் காயவில்லை. நடக்க நடக்க உறையின் மடிப்பு மெல்ல வாய் திறக்கப் பார்த்தது. அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். கடைத்தெரு தாண்டும் வரை, பாலம் தாண்டும் வரை, தபாலாபீசுப் படி ஏறும் வரை விரலை எடுக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்று, நன்றாக ஒட்டிக்கொண்டதா என்று ஒருமுறை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போட்டாள்.