சனிக்கிழமைக்கு ஒரு ஒத்திகை

...துண்டை அன்னமாக மடிப்பதா வேண்டாமா என்பது மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை, மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது, ஏழாம் நம்பர் அறை, சனிக்கிழமை மத்தியானம் வருவது, சாயங்காலம் சைக்கிள், இருட்டினதும் மொட்டை மாடியில் டெலஸ்கோப், ஞாயிறு மத்தியானம் காலி செய்வது, எல்லாம் சரி, ஆனால் அந்தத் துண்டு... கட்டில்மேல் இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நிற்க வேண்டும், சுற்றிலும் ரோஜா இதழ், இந்தப் பண்ணை விடுதியில் ஐந்து வருடமாக ஊரான் வீட்டுப் புருஷன் பெண்டாட்டிக்கெல்லாம் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன், கதவைத் திறந்ததும் அந்தப் பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு கத்துவார்கள், நான் ஓரமாக நின்று சிரிக்க வேண்டும், அதுவும் என் வேலைதான், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் சுகிர்தா. இப்போது எனக்கு நானே மடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நானே அறையைப் பெருக்கி, நானே பெட்ஷீட் மாற்றி, நானே அன்னம் செய்து வைத்துவிட்டு, சனிக்கிழமை கதவைத் திறந்து நானே அசந்துபோக வேண்டும், கர்மம். இல்லை, அசர வேண்டியது நான் இல்லை, ஆல்வின். பத்து வருடத்துக்கு முன்னால் சர்ச்சில் வைத்துத் தாலி கட்டிய புருஷன், நாலு மாதமாக என்னோடு வாய் திறந்து பேசாத புருஷன். சோறு போடவா என்றால் ம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் என்றால் ம். அந்த ம்-ஐ உடைத்து உள்ளேயிருந்து ஒரு பேச்சை எடுக்கத்தான் இவ்வளவு பாடும். நடக்குமா? நடக்கவில்லை என்றால் அப்புறம் என்னிடம் வேறு யோசனை கிடையாது.

வைகாசி வெயில், மணி நாலரை ஆகியும் தார் ரோடு கொதிக்கிறது, இந்த நேரத்தில் புத்தியுள்ளவள் எவளாவது சைக்கிள் மிதிப்பாளா... சீசன் இல்லாததால்தான் அறையே கிடைத்தது, மேனேஜர் தினகரன் சார் போன வாரம் எல்லோரையும் கூப்பிட்டு, "ரூமுங்க சும்மாதான கீது, வருசத்துக்கு ஒரு வாட்டி ஸ்டாஃபுங்க ஃபேமிலியோட தங்கிக்கலாம்னு ஓனர் சொல்ட்டாரு" என்றார், ஒருத்தர்கூடக் கை தூக்கவில்லை, நான் தூக்கினேன். துணி துவைக்கிற புஷ்பா சிரித்தாள், "இன்னாக்கா, இங்கியே வேல செஞ்சி இங்கியே டூரா?" சிரிக்கட்டும். கெஸ்ட் போகிற வழியை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன், கருவேல முள் கிடக்கும் என்று சொல்லித்தான் இந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன், ஆரஞ்சு சேஃப்டி ஜாக்கெட், ஹெல்மெட், கூலிங் கிளாஸ், ஷூ, கெஸ்ட் போடுகிற அத்தனையும் போட்டுக்கொண்டு. தினகரன் சார் ஒரு மாதிரி பார்த்தார். முள் பார்க்கப் போகிறவளுக்கு எதற்குக் கூலிங் கிளாஸ்? அதை அவரிடம் சொல்ல முடியாது, யாரிடமும் சொல்ல முடியாது, ஆல்வினிடமே லீவு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன், மற்றதைச் சனிக்கிழமைதான் சொல்லப் போகிறேன், அதுதானே சர்ப்ரைஸ்.

நட்சத்திரத்தைப் பற்றி எனக்கு பயம் இல்லை. அது வேலை செய்யும் என்று தெரியும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து ஆ என்று வாயைப் பிளக்கிறார்கள், எங்கள் காலனிக்குத் தெருவிளக்கு வந்ததே நான் எட்டாவது படிக்கும்போதுதான், அதுவரைக்கும் வாசலில் பாய் போட்டுப் படுத்தால் மேலே இருந்ததெல்லாம் அதுதான், நாங்கள் யாரும் வாயைப் பிளந்ததில்லை, பிளந்திருந்தால் கொசுதான் உள்ளே போயிருக்கும். ஆனால் ஆல்வின் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர், ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்துத்தான் இந்தப் பக்கமே வந்தார், கல்யாணமான புதிதில் மாடியில் படுத்துக்கொண்டு, "சுகி, அது இன்னா? அதோ அது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், எனக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்த பெயரெல்லாம் சொல்வேன், அது சோளக்கொல்லை, இது மாட்டுத்தாம்பு, அது எங்க பெரியம்மா மூக்குத்தி, அவர் நம்புவது மாதிரியே கேட்டுக்கொண்டிருப்பார், விடியும்வரை பேசுவார் அந்த மனிதர். எங்கே போனது அந்தப் பேச்செல்லாம்? இறங்கினேன், அவ்வளவுதான் நான் செய்தது. வண்டியை விட்டு இறங்கினதற்கு ஒரு குடும்பத்தில் நாலு மாதம் பேச்சு நின்றுபோகுமா?

தை மாதம் அது. பரிமளா அக்கா வீட்டுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பி வருகிறோம். அக்கா இருப்பது நாங்கள் பிறந்து வளர்ந்த ஊரிலேயேதான், அங்கே காலனி தள்ளி இருக்கிறது, பெருநகர் ரோட்டைப் பிடிக்க ஊர்த்தெருதான் குறுக்கு வழி, ஆனால் நாங்கள் எப்போதும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் வருவோம். அந்தத் தெருவில் வேப்ப மரம் வந்ததும் எங்கள் ஆட்கள் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள், எங்கேயும் எழுதி வைத்ததில்லை, கேட்டால் அப்படியெல்லாம் யாரும் சொல்லலையே என்பார்கள், ஆனாலும் இறங்கிவிடுவார்கள். என் நைனா முனியன் சாகிறவரைக்கும் அந்தத் தெருவில் ஒரு தடவைகூட சைக்கிளை மிதித்ததில்லை, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, நான் கூடவே ஓடுவேன், ஏன் நைனா இறங்குகிறாய் என்று கேட்டதற்கு ஒரு நாள் முதுகில் வாங்கினேன். ஏரிக்கரை அன்றைக்குச் சேறாக இருந்தது. ஆல்வின் கேட்கவில்லை, நேராகத் தெருவுக்குள் விட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வேதகிரி எழுந்து, டேய் எறங்குடா என்று கத்தினான், ஆல்வின் பிரேக் போட்டார், நான் இறங்கினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். "வுட்ருங்கய்யா, அவரு வெளியூரு, தெரியாம வந்துட்டாரு." ஆல்வினும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், "ஏன் எறங்குன?" உங்களுக்காகத்தான் இறங்கினேன், நாலு பேர் தடியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன். மறுபடியும், "ஏன் எறங்குன?" அதையே மறுபடியும் சொன்னேன், சத்தமாக. மூன்றாவது தடவையும் கேட்டார். நான் அழுதேன். நாலாவது தடவை கேட்கவில்லை. என்ன நன்றி கெட்ட ஜென்மம் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன், எனக்கு மட்டும் மானம் இல்லையா?

இப்போது அதே வழியில்தான் போகிறேன், ரோட்டுப் பக்கமிருந்து. தினகரன் சார் போன வருடம் கெஸ்ட்டுக்காகப் போட்ட சைக்கிள் வழியில் மூன்றாவது இடம் அந்தத் தெருதான், வேறு எதுவும் இல்லை, வேதகிரி வீடேதான், விவசாயி வீட்டு மோர் என்று மேப்பில் போட்டு பக்கத்தில் ஒரு தம்ளர் படம். ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்தால் அந்தத் தெருவே எழுந்து நிற்கிறது. எந்த ஜாதி, எந்த ஊர், யார் கேட்கிறார்கள்? பெல் அடித்துக்கொண்டு போகிறார்கள், வேதகிரியோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. சனிக்கிழமை ஆல்வினுக்கும் ஜாக்கெட்டைப் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, அந்தத் தெரு நடுவில் பெல் அடித்துக்கொண்டு இரண்டு பேரும் போக வேண்டும், வேதகிரி எழுந்து வாங்க என்று சொல்ல வேண்டும், அந்த மோரைக் குடித்துவிட்டுத் தம்ளரை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும், அப்புறம் மாடியில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரிக்க வேண்டும், எப்படி ஏமாந்தான் பார்த்தீங்களா என்று நான் கேட்பேன், அவர் பேசுவார். கட்டாயம் பேசுவார். முதலில் நான் ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டால் நல்லது, அவன் என்னை அடையாளம் கண்டுபிடிக்கிறானா என்று. அதற்குத்தான் கூலிங் கிளாஸ்.

வேப்ப மரம் வந்துவிட்டது. மிதி சுகிர்தா, மிதி, காலைக் கீழே வைக்காதே... ஹேண்டில்பார் ஈரமாகிவிட்டது, அதோ நாற்காலி, அதோ அவன், பார்த்துவிட்டான், எழுகிறான். எழுந்து தோளில் இருந்த துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டுகிறான். "வாங்கமா, வாங்க. இன்னாமா இந்த வெய்யில்ல சுத்திக்கினு கீறீங்க? ஒக்காருங்க, ஒரு வாய் மோரு சாப்புடுங்க." வாங்க. எனக்கா? அந்த வாயிலிருந்தா? எங்கள் நைனாவுக்கு எழுபது வயதில்கூட இந்த வாய் வாடா என்றுதானே சொன்னது. உட்கார்ந்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவன் நிற்கிறான், உள்ளேயிருந்து தம்ளர் வருகிறது, எவர்சில்வர் தம்ளர், கை தானாக அதை உயரத் தூக்கப் பார்த்தது, வேண்டாம், கெஸ்ட் யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை, வாய் வைத்தேன். வாய் வைத்தே குடித்தேன். என்ன ருசி, கறிவேப்பிலை, இஞ்சி, அப்பா, இதற்கா இவ்வளவு நாள்...

"மெட்ராஸுங்களா?" ஆமாம் என்று தலையாட்டினேன். "வூட்டுக்காரரு வர்லிங்களா?" சனிக்கிழமை வருவார் என்றேன், வருவாரு என்று வந்த வார்த்தையை இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்டுச் சொன்னேன். உங்கள் ஊர் ரொம்ப அமைதியாக இருக்கிறது ஐயா என்றும் சொன்னேன், ஏன் சொன்னேனோ, கெஸ்ட் எல்லோரும் சொல்வதுதான். ஐயா என்று வேறு. அவனுக்கு ஒரே சந்தோஷம். "அமைதிதான்மா, அதது அததோட எடத்துல இருந்தா அமைதிதான். பொங்கல் கழிச்சி ஒருத்தன் பைக்க வுட்டுக்கினு சர்ருனு தெருவுல பூந்தான், எவனோ டவுன் பையன். பின்னால அவன் பொண்டாட்டி. பொம்பளன்னா அவ பொம்பள. நான் ஒரு வார்த்த சொல்லலமா. சேர்ல இருந்து எந்திரிக்கக்கூட இல்ல. வேப்ப மரத்தாண்ட வரும்போதே அவளா எறங்கிட்டா, ஓடற வண்டில இருந்து குதிச்சிட்டாம்மா, அப்பறந்தான் அவன் இன்னாடானு வண்டிய நிறுத்துனான். கைய கூப்பிக்கினு நிக்கறா. யாரு வூட்டுப் பொண்ணோ, நல்லா வளத்துக்கீறாங்க."

பொய். பச்சைப் பொய் சொல்கிறான் கிழவன், கத்தினான், எழுந்து நின்று கத்தினான், அதனால்தான்... ஹெல்மெட் வாரில் கை போய்விட்டது, ஒரு சொடுக்கு, கழற்றி அவன் முகத்துக்கு நேரே, முனியன் வீட்டுப் பொண்ணுடா நான், யாரை நல்லா வளர்த்தார்கள் என்கிறாய் என்று... வார் கழலவில்லை, இல்லை, நான் கழற்றவில்லை. மோர் ரொம்ப நன்றாக இருந்தது, நன்றி என்றேன். தம்ளரை அவன் கையில் கொடுத்தேன். நினைத்தபடியே கொடுத்தேன். சைக்கிளை எடுத்து மிதித்தேன், தெரு முடிகிறவரைக்கும் மிதித்துத்தான் வந்தேன், யாரும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை ஆல்வினை உட்கார வைத்தும் இதே கதையைச் சொல்வான். கதை கேட்டுக்கொண்டே அவர் மோர் குடிக்க வேண்டும். இதற்கா லீவு போடச் சொன்னேன்?

ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் பொய்தான் சொல்கிறான். ஆனால் எதற்குச் சொல்ல வேண்டும்? டேய் எறங்குடா என்று அதட்டினேன், நடுங்கிவிட்டான் என்று சொன்னால் அவனுக்குத்தானே பெருமை, வந்தவர்களிடமெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொள்வான்... சரி, கத்தினான், எப்படிக் கத்தினான்? டேய் என்றா, ஏய் என்றா? கையை நீட்டினானா? வேட்டியை மடித்துக் கட்டியிருந்தானா? ஒன்றும் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் சத்தம் காதில் வரவில்லை. வருவதெல்லாம் வேப்ப மரம், ஆல்வின் முதுகு, நீலச் சட்டை, இடது காலில் செருப்பு கழன்றது, மண் சில்லென்று பட்டது, எனக்கு முன்னால் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்ததா? நான் இறங்கின பிறகுமா?

போன் அடித்தது, ஆல்வின். "லீவு கெடச்சிச்சி," என்றார், கொஞ்சம் நிறுத்தி, "சனிக்கிழம. எதுக்குப் போட சொன்ன?" நாலு மாதத்தில் இத்தனை வார்த்தை இதுதான் முதல் தடவை, குரலில் கோபம்கூட இல்லை, ஏதோ ஒரு ஆசைகூட இருந்த மாதிரி இருந்தது, ஏழாம் நம்பர் அறை, அன்னம், நட்சத்திரம், எல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றது. ன்னாங்க என்றேன். "ம்." அன்றைக்கு அவன் முதலில் கத்தினானா, நான் முதலில் இறங்கினேனா... கேட்டுவிடலாமா? எனக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர் அவர்தான், பின்னால் சுமை சட்டென்று குறைந்தது எப்போது என்று அவருக்குத் தெரியும். நாலு மாதமாகத் தெரியும். "சுகி? லைன்ல கீறியா?" போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் வைக்கவில்லை, அந்தப் பக்கம் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கிறது.