கடைசி ஒன்பது நிமிடம்

ஆவடியில் பானுப்பிரியாவின் ஃபிளாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை ‘கருநீர்க் கோட்டை’ படங்களைப் பற்றி. முதலில் வந்த மூன்று படங்கள் உசத்தியா, பத்து வருடம் கழித்து அதே கதையின் முன்கதையைச் சொல்ல வந்த மூன்று படங்கள் உசத்தியா என்று. குழுவில் எல்லோரும் அவற்றைப் பழசு மூணு, புதுசு மூணு என்றுதான் சொல்வார்கள். எட்டு மாதமாக வாட்ஸப்பில் நடந்த வாதத்தை நேரில் முடித்துவிடலாம் என்று கூப்பிட்டது பானுப்பிரியா. தென்காசிக்காரி, ஐ.டி. வேலை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, ஆறு படங்களையும் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசைப்படுத்தச் சொன்னாள்.

ரெனிஷ் தன் வரிசையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெகதீஷ் எழுதினான். ரெனிஷுக்குக் கண் தெரியாது. பத்து வயதில் வந்த மூளைக்காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. இப்போது முப்பத்தைந்து வயது. அம்பத்தூரில் ஒரு வங்கியில் வேலை. ஜெகதீஷ் மேனாம்பேட்டில் ரெனிஷின் தெருவேதான், மூன்று வீடு தள்ளி. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைசர்.

ஆறு படங்களையும் ரெனிஷுக்குக் காட்டியது ஜெகதீஷ்தான். படம் வந்த முதல் வாரம் போக மாட்டார்கள். இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி, கடைசி வரிசையின் மூலை. அங்கேதான் யாரும் ‘உஷ்’ என்று சொல்ல மாட்டார்கள். வசனம் நிற்கிற இடத்தில் எல்லாம் ஜெகதீஷ் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே வருவான். கோட்டை மதில் எந்த நிறம், யார் முகத்தில் ரத்தம், யார் யாரைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்கள். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

பானுப்பிரியா சீட்டுகளைப் பிரித்துப் படித்தாள். பதினொரு பேர் முதலிடத்தைப் பழசு மூன்றில் ஏதோ ஒன்றுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு சீட்டில் மட்டும் புதுசு மூன்றின் கடைசிப் படம் முதலிடத்தில் இருந்தது.

“இது யாரு?”

“நான்தான்,” என்றான் ரெனிஷ்.

“காரணம் சொல்லுங்க. தனியா ஒரு ஓட்டு போட்டிருக்கீங்க, நாங்க கேக்கணும்ல.”

ரெனிஷுக்குப் பேசப் பிடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தான். “கடைசி ஒம்போது நிமிஷத்துக்காக. ஒரு வசனம் கெடயாது. போர் முடிஞ்சிருச்சு, தால்வெனுக்குக் கால்ல அடி, நடக்க முடியல. எல்லாரும் போயிட்டாங்க. அவன் கூட்டாளி மோரக் ஒருத்தன்தான் கூட கீறான். அவன் தால்வெனத் தூக்கிப் படகுல படுக்க வச்சு, கருநீர் முழுக்க ஒத்தையாளா துடுப்பு போடுறான். விடியுது. வெள்ளைப் பறவை ஒண்ணு வந்து படகு மூக்குல உக்காருது. தால்வென் கைய எடுத்துத் தண்ணியில வுடுறான், அது முதல் தடவையா கறுப்பா இல்லாம இருக்கு. அப்புறம் டொக்குனு ஒரு சத்தம். படகு அக்கரையில இடிச்சு நிக்குது. அதோட முடிச்சுட்டான். பழசுல ஆயிரம் சண்டை கீது. ஒருத்தனை ஒருத்தன் வுட்டுட்டுப் போகாத ஒரு காட்சி கீதா?”

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தான். யாரோ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த சபீனாதான் முதலில் பேசினாள். கல்லூரியில் படிக்கிற பெண். “அண்ணா, நீங்க வேற படத்த சொல்றீங்களா?”

“இல்லம்மா. புதுசுல மூணாவது.”

“அதுல அப்படி சீனே இல்லையே.”

ரெனிஷ் சிரித்தான். “படகுக் காட்சிம்மா. குரூப்ல எல்லாரும் அழுதேன், அழுதேன்னு போடுவீங்களே, அதுதான்.”

“அழுதோம்ணா. ஆனா மோரக் அவனைக் கூட்டிட்டுப் போகல.”

அறையில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். பானுப்பிரியா ரிமோட்டைத் தேடினாள். யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை. ரெனிஷ் தப்பாக நினைவு வைத்திருக்கிறான், ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அவனுக்குக் காட்டுவது என்றால் என்ன என்று யோசிப்பதற்குள் டிவியில் அந்த இசை தொடங்கிவிட்டது.

அந்த இசை ரெனிஷுக்கு மனப்பாடம். போனில் வைத்திருந்தான். ஒற்றை வயலின், பிறகு கயிறு உரசுகிற சத்தம், பிறகு துடுப்பு.

“நான் சொல்லவா?” என்று மெதுவாகக் கேட்டாள் சபீனா. அவன் தலையாட்டினான்.

“தால்வென் கரையில தூங்குறான். மோரக் அவனையே பாத்துட்டு நிக்கிறான். இப்போ படகோட கயித்த அவுக்கிறான். ஏறிட்டான். தனியாத்தான்ணா. துடுப்பு போடுறான்.”

பறவைச் சத்தம் வந்தது. பதினோரு வருடமாக வெள்ளையாக இருந்த பறவை.

“இது என்ன பறவை?” என்றான் ரெனிஷ்.

“காக்கா மாதிரி நிறைய. செத்தவங்க மேல சுத்துது.” சபீனாவின் குரல் சிறியதாகிக்கொண்டே வந்தது. “தால்வென் எழுந்துட்டான். ஈட்டிக் கட்டையை ஊனிக்கிட்டுத் தண்ணி வரைக்கும் வர்றான். படகு தூரமாப் போயிடுச்சு. கூப்பிடல. சும்மா நிக்கிறான்.”

டொக்.

“கட்டை கையில இருந்து வுழுந்துருச்சுண்ணா. கல்லு மேல.”

இசை நின்றது. படத்தில் ஒரு சத்தம்கூட மாறவில்லை. கயிறு, துடுப்பு, பறவை, டொக், எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அவற்றுக்குள் இருந்த ஆட்கள் மட்டும் வேறு.

“ஜெகா,” என்றான். “இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?”

“ஆமா மச்சான்.”

ரெனிஷ் மடக்குக் குச்சியை விரித்து எழுந்தான். ஜெகதீஷ் பழக்கத்தில் தோளைக் கொண்டுவந்து அவன் கைக்கு அடியில் நீட்டினான். ரெனிஷ் கையை எடுத்துக்கொண்டான். இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கை அந்தத் தோளை வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. பானுப்பிரியா கதவு வரை கூட வந்து, “லிஃப்ட் இடது பக்கம் இருக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

கீழே பார்க்கிங்கில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு ரெனிஷ் நின்றான். கோபம் இன்னும் வந்திருக்கவில்லை. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தவன்போலக் குச்சியால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு படத்தின் முடிவு பொய் என்றால் அது படத்தோடு போகட்டும். ஆனால் அக்கா ஸ்வீட்லின் கல்யாணத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று சொன்னது ஜெகதீஷ்தான். வீடு இடித்துக் கட்டியபோது என்ன நிறம் என்று சொன்னது இவன். கண்ணாடியில் தன் முகத்தில் நரை எங்கே தொடங்கியிருக்கிறது என்று சொன்னதும் இவன். அவன் பார்த்த உலகத்தில் பாதி இந்த ஒருவன் வாய்வழியாக வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நடையிலேயே யார் என்று தெரிந்தது.

“இன்னாத்துக்குடா?” என்றான் ரெனிஷ். “சொல்லிட்டுப் போ.”

ஒரு ஸ்கூட்டர் வந்து நின்று, ஒரு அம்மா காய்கறிப் பையோடு லிஃப்டுக்குப் போகும்வரை ஜெகதீஷ் காத்திருந்தான்.

“அன்னிக்கு என் பாக்கெட்ல மஸ்கட் விசா பேப்பர் இருந்துச்சு,” என்றான். “ஒம்போது நாள்ல கெளம்பணும். உன்கிட்ட சொல்லல. படம் முடிஞ்சதும் டீக்கடையில சொல்லலாம்னு இருந்தேன். அந்த நேரம் பாத்து அவன் கயித்த அவுக்குறான். நான் வாயத் தொறந்தேன், வரல. நீ என் கையப் புடிச்சுகினு ‘இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு’ன்றே. ‘வுட்டுட்டுப் போறான்’னு என் வாயால எப்படி மச்சான் சொல்றது? தூக்கிப் படகுல போட்டான்னு சொல்லிட்டேன். ஒண்ணு சொன்னா அடுத்ததும் சொல்லணும்ல. பறவை கத்துச்சு, வெள்ளைன்னேன். டொக்குனுச்சு, கரை வந்துருச்சுன்னேன்.”

“அன்னிக்கு டீக்கடையில நீ ஒண்ணும் சொல்லல.”

“நீ அழுதுகினு இருந்தே. இந்த மாதிரி ஒரு படம் பாத்ததே இல்லன்னே. அப்புறம் எங்க சொல்றது. கெளம்ப மூணு நாள் இருக்கிறப்பதான் சொன்னேன்.”

ரெனிஷுக்கு அந்த மூன்று நாள் நினைவுக்கு வந்தது. ‘போய்ட்டு வா மாமே, நான் பாத்துக்கிறேன்’ என்று சிரித்தபடி அனுப்பிவைத்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பஸ்ஸில் தனியாக வங்கிக்குப் போய்வரும்போது ஹெட்போனில் கேட்டதெல்லாம் இந்த ஒன்பது நிமிட இசைதான். மோரக் விட்டுவிட்டுப் போகவில்லை, இவனும் வருவான் என்று நினைத்து நினைத்துத்தான் அந்த இரண்டு வருடம் நகர்ந்தது. அவனைத் தேற்றிய இசை, ஒருவன் நண்பனைத் தூக்கத்தில் விட்டுவிட்டு ஓடுகிற இசை. இது புரிந்தபோது அவன் தூணை விட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

“ஒரு தடவை கேட்டேனே,” என்றான். “ஏதோ ஒரு கட்டுரையில மோரக் போயிட்டான்னு எழுதியிருந்துச்சு. உன்கிட்ட போன் போட்டுக் கேட்டேன்.”

“ஆமா. அவனுங்க கண்டதையும் எழுதுவானுங்கன்னேன்.”

“அது தியேட்டர் இல்லடா. அப்போ உனக்கு யோசிக்க நேரம் இருந்துச்சு.”

“இருந்துச்சு,” என்றான் ஜெகதீஷ். அதற்கு மேல் சாக்குச் சொல்லவில்லை.

“வேற இன்னா பொய் சொல்லிக்கீறே? எல்லாத்தையும் சொல்லு.”

ஜெகதீஷ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நினைத்துப் பார்த்துச் சொன்னான். பழசு இரண்டாவது படத்தில் வருகிற பெரிய பாம்பு, பார்க்கவே சகிக்காத கிராபிக்ஸ், பிரமாதம் என்று சொன்னது பொய். ரெனிஷ் முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டை நன்றாக இல்லை.

“அக்கா கல்யாணத்துல உங்கப்பா அழுதார்னு சொன்னேன்ல.”

“ஆமா.”

“அழல. மாதா கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்து யார்கிட்டயோ போன் பேசிகினு இருந்தார்.”

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. ரெனிஷ் எழுந்து, குச்சியைத் தட்டிக்கொண்டு கேட் வரை போய், வாட்ச்மேனிடம் ஆட்டோ பிடித்துக் கொடுக்கச் சொன்னான். ஜெகதீஷ் பார்க்கிங்கிலேயே நின்றான்.

மூன்று வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒருவனைத் தவிர்ப்பது எளிதில்லை. ஜெகதீஷின் பைக் போகிற சத்தம் கேட்டால் ரெனிஷ் வாசலில் இருந்து உள்ளே போய்விடுவான். ஸ்வீட்லினுக்குப் போன் செய்து, “அப்பா உன் கல்யாணத்துல அழுதாரா?” என்று கேட்டான். அவள் வெகுநேரம் கழித்து, “இத ஏன் இப்ப கேக்கிற?” என்றாள். அதுவே பதிலாக இருந்தது. கேட்டிருக்க வேண்டாம் என்று ஒரு நாளும், முன்னமே கேட்டிருக்கலாம் என்று இன்னொரு நாளும் நினைத்தான்.

சபீனா குற்றவுணர்ச்சியில் தினமும் மெசேஜ் அனுப்பினாள். ஆறு படத்தையும் நானே சொல்கிறேன் அண்ணா என்றாள். ஒரு சனிக்கிழமை பானுப்பிரியாவின் வீட்டில் முதல் படத்தைத் தொடங்கினார்கள். சபீனா நேர்மையாகச் சொன்னாள். ‘ஒருத்தன் வர்றான்.’ ‘சண்டை போடுறாங்க.’ ‘இப்போ வேற இடம்.’ அரை மணி நேரத்தில் ரெனிஷுக்குப் படம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பொய் இல்லாத இருட்டாக இருந்தது. அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து வந்தான்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் நேராக மூன்று வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினான். திறந்தது ஜெகதீஷ்தான்.

“ஊட்ல யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல. எல்லாரும் நாகம்மா அத்தை ஊட்டுக்குப் போயிருக்காங்க.”

“டிவியப் போடு. கடைசிப் படம். கடைசி ஒம்போது நிமிஷம். கீறத அப்படியே சொல்லு.”

“மச்சான், வேணாமே.”

“நீதான் சொல்லணும். அந்தப் பொண்ணு சொன்னா எனக்குத் தெரியவே மாட்டேங்குது.”

ஜெகதீஷ் போட்டான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வயலின் தொடங்கியது. ரெனிஷ் காத்திருந்தான்.

“இன்னும் விடியல,” என்று தொடங்கினான் ஜெகதீஷ். “சாம்பல் நெறம். மோரக் முட்டிபோட்டு உக்காந்துகீறான். தன் போர்வைய எடுத்து தால்வென் மேல போத்துறான். கயித்துகிட்டப் போயிட்டுத் திரும்பி வரான். மறுபடியும் போறான். முடிச்சு அவுற மாட்டேங்குது, கை நடுங்குது. அவுந்துருச்சு.”

சபீனா போர்வையைச் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வந்ததையும் சொல்லவில்லை. ரெனிஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். காக்கைகள் கத்தின. கட்டை கல்லில் விழுந்தது.

“தால்வென் மூஞ்சி எப்படி கீது?” என்றான். “கோவமா, அழுவுறானா?”

ஜெகதீஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

“தெரியல மச்சான். முதுகுதான் காட்டுறான்.”

“சரி,” என்றான் ரெனிஷ். இசை முடியும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.